நாலு மணி இனிப்பு ஆசைக்கு எள்ளுருண்டை

பின்னேரம் நாலு மணித் தேத்தண்ணியோடு எனக்கு ஏதாவது இனிப்பு வேண்டும். வெறும் தேத்தண்ணியோடு விட்டால் இரவு வரை கை பிஸ்கட் டின்னைத்தான் தேடும். ஆசையை அடக்கப் போராடுவதை விட்டுவிட்டு எள்ளுருண்டை செய்து வைக்கத் தொடங்கினேன்.

200 கிராம் எள்ளைக் கழுவி வடித்து, சட்டியில் எண்ணெய் விடாமல் வறுக்க வேண்டும். பொரிந்து துள்ளும்போது இறக்கிவிடுங்கள், கொஞ்சம் கருகினாலும் கசக்கும். நன்றாக ஆறட்டும். உரலில் இடித்தால் தனி ருசி. மிக்சி என்றால் விட்டு விட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். அப்புறம் வறுத்த உழுத்தம்மா 50 கிராம், சீவிய பனங்கட்டி 75 கிராம், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. எள்ளின் எண்ணெயிலேயே உருண்டை பிடிபடும், நெய் தேவையில்லை. 20 உருண்டை வரும். ஒன்றில் பனங்கட்டி 4 கிராமுக்கும் குறைவு.

பனங்கட்டியும் சீனிதான், அதில் ஏமாற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. ஆனால் எள்ளின் கொழுப்பும் புரதமும் பசியைத் தாங்குவதால், எனக்கு இரண்டு உருண்டையே போதும். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை.

செய்ய நேரமில்லாத நாளில் புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) தேங்காய்ச் சொட்டும், கடிக்க ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியும். பல் கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்!