ஒரே அறையில் வாசித்துப் பதிந்தால்

புதுச்சேரியில் எங்கள் ராக் பேண்டின் பாட்டெல்லாம் உயிரில்லாமல் கேட்டதற்குக் காரணம், ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே பதிந்ததுதான். இப்போது லேப்டாப்பில் அடுக்குவதில்லை. ஜாமை (திட்டமில்லாமல் சேர்ந்து வாசிப்பதை) போனில் பதிந்து, மறுநாளும் முணுமுணுக்கவைக்கும் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துண்டை) மட்டும் பாட்டாக்குகிறோம்.

டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூவரும் ஒரே அறையில், ஒரே டேக்கில் (ஒரே மூச்சுப் பதிவில்). பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். பதிவாகும் ஒலியளவின் உச்சம் மைனஸ் 10 டெசிபெல். பேஸ் கிட்டார், மைக் இல்லாமல் நேரடியாகப் பதிய உதவும் டி.ஐ. பாக்ஸ் வழியே. கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) மட்டும் பக்கத்து அறையில்; இல்லாவிட்டால் டிரம்ஸ் மைக்குகளில் கிட்டார் புகுந்து, ஒரு தப்பு நோட்டைக்கூடத் திருத்த முடியாது.

டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டும் ஸ்னேர் டிரம்மின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கட்டும். கயிறு பிடித்து அளக்கலாம். ஒரு மைக் மற்றதைவிட 34 செ.மீ. விலகினால் சுமார் 1 மில்லிசெகண்ட் தாமதம், ஸ்னேர் ஒலி ஒல்லியாகிவிடும். இரைச்சலுக்காக ஏசியை அணைத்தால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கிட்டார் சுருதி நகரும். டேக்குக்கு டேக் டியூன் செய்யுங்கள். குரல் கடைசியில்.