பனியன் கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்காதீங்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி டைம் ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். டெய்லர், செக்கிங், கைமடின்னு எந்தப் பொண்ணு கணக்கு முடிக்க வந்தாலும் கேட்கிறது ஒண்ணுதான்: "அக்கா, பி.எஃப். எப்ப எடுக்கலாம்?" எடுக்காத கண்ணு, அடுத்த கம்பெனிக்குக் கொண்டுபோன்னு சொல்வேன். எப்படின்னு கேளுங்க.

முதல்ல பி.எஃப். பாஸ்புக்கைத் திறங்க. மூணு கட்டம் இருக்கும். உங்க சம்பளத்துல பிடிக்கிற 12% ஒண்ணு. கம்பெனி போடற 12 சதவீதத்துல 8.33% பென்ஷன் கட்டத்துக்குப் போயிடும், மிச்சம் 3.67% பி.எஃப்.ல சேரும். நம்ம பொண்ணுங்க தொலைக்கிறது அந்தப் பென்ஷன் கட்டத்தைத்தான்.

மொத்தமா பத்து வருஷ சர்வீஸ் இருந்தா 58 வயசுல இருந்து ஆயுசுக்கும் பென்ஷன். ஒரே கம்பெனியில இருக்கணும்னு இல்ல, நாலு கம்பெனியில சேர்ந்த சர்வீஸும் கணக்குதான். ஆனா நடுவுல 10சி பாரம் போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்துட்டா அதுவரைக்கும் உழைச்ச வருஷம் அழிஞ்சிடும். எட்டு வருஷம் ஓவர்லாக் மெஷின் ஓட்டிட்டு, கல்யாணச் செலவுன்னு எடுத்துட்டு, மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணறவங்க எத்தனை பேரு!

கணக்கு இதுதான்: கடைசி 60 மாசச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி, 70ஆல வகுக்கணும். 12,000 ரூபாய்க்குப் பத்து வருஷம்னா மாசம் 1,714. இருபது வருஷம்னா ரெண்டு வருஷம் போனஸ் சேர்ந்து 3,771. பெரிய காசு இல்லதான். ஆனா பிரஷர் மாத்திரைக்கு மகன் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

புதுக் கம்பெனியில சேரும்போது பழைய யுஏஎன் நம்பரையே (எத்தனை கம்பெனி மாறினாலும் மாறாத உங்க பி.எஃப். நம்பர்) கொடுங்க. "புதுசா போட்டுக்கலாம்"னு சொன்னா விடாதீங்க. அப்புறம் பி.எஃப். வெப்சைட்ல, பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாத்தச் சொல்லி டிரான்ஸ்பர் போடுங்க. மாத்தின பிறகு பென்ஷன் கட்டத்துல பூஜ்யம் காட்டும், பதறாதீங்க. பென்ஷன் பணம் நகராது, சர்வீஸ்தான் நகரும். பழைய கம்பெனி வேலைவிட்ட தேதியைப் போடலைன்னா, ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே போடலாம்.

ரொம்ப இழுக்கிறது இனிஷியல்தான். பி.எஃப்.ல அப்பா இனிஷியல், ஆதார்ல கல்யாணத்துக்கப்புறம் வீட்டுக்காரர் பேரு, பேங்க்ல இன்னொண்ணு. மூணும் ஒண்ணா இருந்தாத்தான் வேலை நடக்கும். வேலையில இருக்கும்போதே திருத்திடுங்க, அப்பத்தான் கம்பெனி ஒப்புதல் கேட்டாலும் சுலபம். செல் நம்பரும் உங்களுதா இருக்கட்டும். ஓடிபி வீட்டுக்காரர் போனுக்குப் போனா, நீங்க மெஷின்ல உட்கார்ந்திருக்கும்போதே பணம் போயிடும்.

கல்யாணம் ஆனதும் நாமினேஷன், அதாவது நமக்கப்புறம் பணம் யாருக்குங்கிறதை, புதுசா போடுங்க. பிள்ளை பொறந்து வேலைக்குத் திரும்புவோமோ மாட்டோமோன்னு இருந்தா, அதே 10சி பாரத்துல பணத்துக்குப் பதிலா ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்க. சர்வீஸ் அப்படியே நிக்கும்.

இது மட்டும் பத்தாது. 40 வயசுக்குள்ள இருந்து வருமான வரி கட்டாதவங்களா இருந்தா, பேங்க்லயோ போஸ்ட் ஆபீஸ்லயோ அரசாங்கத்தோட அடல் பென்ஷன் திட்டத்துல சேருங்க. 60 வயசுல மாசம் 5,000 வர, 30 வயசுல சேர்றவங்க மாசம் 577 கட்டணும், 35 வயசுன்னா 902. சனிக்கிழமை சம்பளத்துல வாரம் 150 ரூபாய் ஒதுக்கினா 577 தேறிடும்.