கோதுமையை விட்ட பிறகும் குடல் ஆறாதது ஏன்?

சீலியாக் என்ற குடல் நோய் என்றாலே "அது வடக்கே சப்பாத்தி சாப்பிடுகிறவர்களுக்கு வருவது" என்று தருமபுரிப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். தெற்கில் குறைவுதான், ஆனால் இருக்கிறது. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் பட்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் மெல்லிய நீட்சிகள் தேய்ந்து மொட்டையாகிவிடும். பெரியவர்களுக்குப் பேதியே இல்லாமல், மாத்திரை விழுங்கியும் ஏறாத ரத்தசோகை மட்டும் இருக்கலாம்.

சந்தேகம் வந்ததும் கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் அளவு இறங்கிவிடும், எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத் துணுக்கும் ஆறியதுபோலத் தெரியலாம். நோய் இல்லை என்று தவறாக முடிவு வந்துவிடும்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. "நமக்குத்தான் களி இருக்கிறதே" என்று நிம்மதி வரும். நியாயம்தான், கேழ்வரகிலும் சாமையிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் மாவு மில்லில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். கல்லிலும் மாவு இறங்கும் துணிக்குழாயிலும் அது ஒட்டியிருக்கும். அடுத்து விழும் உங்கள் கேழ்வரகோடு அதுவும் இறங்கும். குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சிட்டிகை கோதுமை மாவே அதைத் தாண்டிவிடும். காலையில் முதல் ஆளாகப் போனாலும் நேற்றைய மாவு இருக்கும். கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். ராகி பிஸ்கட்டில் மைதா இருக்கலாம், பாக்கெட்டைப் படியுங்கள். மாசத்துக்கு ஒரு பரோட்டாவும் வேண்டாம். தொந்தரவு தெரியாவிட்டாலும் உள்ளே புண் ஆறாது. பெரியவர்களுக்கு முழுதாக ஆற இரண்டு வருஷம்கூட ஆகலாம்.

பெரிய தவறு, நன்றாக இருந்தவருக்கு மறுபடி எடை குறைவதை 'கேஸ்' என்று விடுவது. சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும் வலி, வாந்தி, காரணமில்லாத காய்ச்சல், கருப்பு மலம் என்றால் தள்ளிப்போடாதீர்கள். குடல் புண், அடைப்பு, அரிதாக லிம்போமா என்ற புற்றுநோய்கூட இப்படித்தான் தொடங்கும். ஒரு வருஷம் கண்டிப்பாகப் பத்தியம் இருந்தும் குணமில்லை என்றால், பத்தியத்துக்குக் கட்டுப்படாத வகையா என்று குடல் மருத்துவர் பார்ப்பார். அதற்குமுன் எங்காவது குளூட்டன் கலக்கிறதா என்றுதான் தேடுவார். பழைய ரிப்போர்ட்டோடு, வீட்டில் மாவு எங்கே அரைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.