மெமோ கொடுக்கும் முன் ரோஸ்டரைப் பாருங்கள்: மருத்துவமனைப் பணியாளர் நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து தாமதமானது, உறவினரிடம் சிடுசிடுத்தார், கேஸ் ஷீட்டில் பதிவு விட்டுப்போனது. இப்படி ஒரு புகார் வந்ததும் பல மருத்துவமனைகளில் அந்தச் செவிலியருக்கு உடனே மெமோ போகிறது. அன்றைய ஷிப்டில் அவர் கையில் எத்தனை நோயாளிகள், முந்தைய இரவும் அவருக்கே டூட்டியா என்று ரோஸ்டரை, அதாவது பணி நேர அட்டவணையை, புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நிர்வாகங்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழு 2002-ல் வெளியிட்ட முடிவு தெளிவானது. ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடக்கூட, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ 7 சதவீதம் வீதம் கூடியிருந்தது. நம் நாட்டில் இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை, விடுப்பை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்கிறது. செலவைக் குறைக்க உட்காரும்போது பேனா முதலில் அடிப்பது அந்த 30 சதவீதத்தைத்தான். பிறகு ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவருக்கு டபுள் டூட்டி.

அடுத்தது, நடந்த பிழையைப் பணியாளர் எழுதித் தரும் இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) மதிப்பெண் குறைக்கப் பயன்படுத்துவது. 1990-களில் அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொல்ல முடிந்ததே அதற்குக் காரணம் என்று அவர் கண்டார். பதிவுக்குத் தண்டனை வைத்தால் பதிவு குறையும். பிழை அப்படியே இருக்கும். மாதம் முழுக்க ஒரு ரிப்போர்ட்கூட வராத வார்டைப் பாராட்டாதீர்கள், நேரில் போய்ப் பாருங்கள்.

இந்த இரண்டு தவறுகளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை சாட்சி. அது நிதி இலக்கை எட்ட ஆட்களைக் குறைத்தது. பணியாளர்கள் எழுப்பிய எச்சரிக்கைகள் எடுபடவில்லை. நோயாளிகள் தண்ணீருக்குக்கூடத் தவித்தார்கள். இது பற்றி வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய விசாரணை 2013-ல் 290 பரிந்துரைகளுடன் முடிந்தது.

அப்ரைசல் படிவத்தில், லேப் டெக்னீஷியனுக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒரே கேள்விகளை வைக்காதீர்கள். அவரவர் கையில் இருப்பதை மட்டும் அளவிடுங்கள்: கை கழுவுதல், ஷிப்ட் மாறும்போது ஹேண்ட் ஓவர் (நோயாளி விவரங்களை அடுத்தவரிடம் ஒப்படைப்பது), வலி மருந்து கொடுத்த பின் மறுபடி போய்க் கேட்டது. ஆண்டுக்கு ஒருமுறை இன்க்ரிமென்ட் நேரத்தில் மட்டும் பேசுவதும் வீண்.

வேலையை விட்டுப் போகாமலிருக்க அசல் சான்றிதழ்களை வாங்கி வைப்பது எல்லாவற்றிலும் மோசம். தனியார் செவிலியர் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016-லேயே பரிந்துரைத்தது. உங்கள் சம்பளப் பட்டியலை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ராஜினாமா கொடுப்பவரிடம் காரணத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். கேட்பவர் அந்த வார்டின் இன்சார்ஜாக இருக்க வேண்டாம்.