எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா? கிருஷ்ணகிரி, தருமபுரியில் புதிய கார் எடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

புதிய காருக்குப் பணம் கட்டும் நாளில், காப்பீடு, சாலை வரி, பாஸ்டேக் ஆகியவற்றோடு எக்ஸ்டெண்டட் வாரண்டியும் (முதல் வாரண்டி முடிந்த பிறகும் பழுதுச் செலவை ஏற்கும் நீட்டிப்பு) விலைப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடுகிறது. அன்றைக்கே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான கார் நிறுவனங்கள் முதல் வாரண்டி முடிவதற்குள் இதை வாங்க அனுமதிக்கின்றன. நாள் கடந்தால் கட்டணம் கூடலாம் என்றாலும், வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட அவகாசம் உண்டு.

படி 1: கிலோமீட்டர் கணக்கு

பெரும்பாலும் ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு வாரண்டி முடிந்துவிடும். நம் பகுதியில் பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புபவர் நாளொன்றுக்குச் சுமார் 100 கி.மீ. ஓட்டுகிறார், மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஆகிறது. 3 ஆண்டு வாரண்டியை 5 ஆண்டு அல்லது 1,20,000 கி.மீ. வரை நீட்டிக்கும் திட்டத்தை அவர் வாங்கினால், நான்காம் ஆண்டு முடியும்போதே வரம்பு தீர்ந்துவிடும். இரண்டு ஆண்டுக்குப் பணம் கட்டி ஓராண்டுப் பயனையே பெறுவார். பென்னாகரத்திலிருந்து வாரம் ஒருமுறை தருமபுரிக்கு வந்துபோகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

படி 2: எவை சேராது?

தொப்பூர் கணவாயில் அடிக்கடி ஏறி இறங்கும் வண்டியில் முதலில் தேய்பவை பிரேக் பேடும் கிளட்ச் பிளேட்டும்தான். இவையும் டயர், வைப்பர் போன்றவையும் தேய்மானப் பொருள்கள் என்பதால் பொதுவாக வாரண்டியில் சேர்வதில்லை. விபத்துச் சேதம் காப்பீட்டின் கீழ் வரும்.

படி 3: உங்கள் சர்வீஸ் பழக்கம்

என் மைத்துனரின் காரில் ஏசி கம்ப்ரஸர் பழுதானபோது, சர்வீஸ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிய ஊழியர், முத்திரை இல்லாத ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அந்த ஒரு சர்வீஸை மட்டும் மைத்துனர், ஊரிலுள்ள பழக்கமான மெக்கானிக்கிடம் செய்திருந்தார். கோரிக்கை ஏற்கப்படவில்லை, முழுச் செலவும் அவர் தலையில் விழுந்தது. அந்த மெக்கானிக் வேலையில் குறை எதுவும் இல்லை என்பதுதான் இன்றும் எனக்கு வருத்தம். எனவே, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத் தவறாமல் செல்ல முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

படி 4: மூன்று விலைகள்

ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங், எஞ்சின் கட்டுப்பாட்டு யூனிட் ஆகிய மூன்றுக்கும் கூலியோடு என்ன விலை என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர் பாக்ஸ் விலையையும், டர்போ எஞ்சினானால் டர்போவின் விலையையும் கேளுங்கள். வாரண்டிக் கட்டணத்தை 18 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து இவற்றுடன் ஒப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் அல்லது டர்போ டீசல் காரை ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருப்பவர் வாங்குவது நல்லது. குறைவாக ஓடும் சாதாரண மேனுவல் பெட்ரோல் காருக்கு, அந்தத் தொகையை வங்கியில் போட்டு வைப்பதே மேல் என்பது என் கருத்து.

படி 5: வாங்குவதென்றால்

திட்டத்தை நடத்துவது கார் நிறுவனமா, வெளி நிறுவனமா என்று கேளுங்கள். நான் முன்னதையே தேர்ந்தெடுப்பேன். சேஸிஸ் எண், தொடங்கும் நாள், முடியும் நாள், கிலோமீட்டர் வரம்பு ஆகிய நான்கும் சான்றிதழில் சரியாக உள்ளனவா என்று ஷோரூமை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள்.