மழைக்கால மாலைக்குச் சூடான மாட்டிறைச்சி சீஸ் டிப்

வடகீழ்ப் பருவமழை தொடங்கிய பின், திருகோணமலையில் மாலை வேளைகளில் விருந்தினர் வந்தால், ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில்) செய்து மேசை மீதே சூடாக வைத்திருக்கக்கூடிய இந்த டிப்பை, அதாவது தொட்டுச் சாப்பிடும் கலவையை, தயங்காமல் பரிந்துரைப்பேன். அரைக் கிலோ அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயம், உள்ளி, மிளகுத்தூளுடன் முதலில் தாச்சியில் இட்டு, இளஞ்சிவப்பு நிறம் முற்றாக மறையும் வரை வதக்கி, கசிந்த கொழுப்பை வடித்துவிடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பச்சை இறைச்சியை நேரடியாக ஸ்லோ குக்கரில் இட்டால் அது வெளிறிய கட்டிகளாக வெந்து, கொழுப்பு முழுவதும் சீஸின் மேல் எண்ணெயாக மிதக்கும்.

டிப்பின் பதம் சீஸில்தான் தங்கியுள்ளது. முதிர்ந்த செடார் சீஸை மட்டும் பயன்படுத்தினால், நீண்ட சூட்டில் அதன் புரதம் இறுகி, கொழுப்புப் பிரிந்து, நாவில் நறநறக்கும். பதப்படுத்திய சீஸில் கொழுப்பையும் நீரையும் பிணைத்து வைக்கும் உப்புகள் சேர்ந்திருப்பதால் அது எளிதில் பிரியாது. ஆகவே அதில் 200 கிராமையும், சுவைக்காக ஒரு மேசைக்கரண்டி சோளமாவில் பிரட்டிய 100 கிராம் துருவிய செடாரையும், அரைக் கோப்பை பாலையும் வதக்கிய இறைச்சியுடன் ஸ்லோ குக்கரில் சேர்த்து, குறைந்த சூட்டில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வையுங்கள். சீஸிலேயே உப்பு இருப்பதால், ருசி பார்க்காமல் உப்பிட வேண்டாம்.

பொடியாக நறுக்கிய கறிமிளகாயைக் கடைசிப் பத்து நிமிடங்களில் சேர்த்தால் அதன் மணம் குன்றாது. வாட்டிய ரோஸ்ட் பாண் துண்டுகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் சிறிது பால் விட்டு அடுப்பிலேயே நன்கு சூடாக்குங்கள். ஸ்லோ குக்கர் மெதுவாகச் சூடேறுவதால் மீண்டும் சூடாக்க அது ஏற்றதல்ல.