மலையகத்து வீட்டுக்குச் சின்ன மதர்போட் வாங்குவது எப்படி?

கம்பியூட்டரின் பாகங்கள் எல்லாம் பூட்டப்படும் பலகையான மதர்போட் பழுதானால், கொழும்பில் இருப்பவர் பம்பலப்பிட்டிக்கு பஸ் ஏறி, அன்றைக்கே கடையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இருப்பவருக்கு அது ஒரு முழு நாள், ஒரு நாள் சம்பளம், போக வர பஸ் காசு. மாற்றிய போட்டை எடுக்க இன்னொரு தடவையும் போக வேண்டும். அதனால் வேகத்தையும் அழகையும் பார்ப்பதற்கு முன் நாம் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். போட் லேசில் பழுதாகக் கூடாது; பழுதானால் கிட்டத்தில் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். முதன்முதலாக கம்பியூட்டர் பூட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையின் ஐ.சி.டி. பாடம், ஒன்லைன் வகுப்பு, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், இவ்வளவுதான் தேவை என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் புரொசசரை முடிவு செய்யுங்கள்

மதர்போட்டை வாங்கிவிட்டு அதற்குப் புரொசசர் தேடுவது தலைகீழ் வேலை. கம்பியூட்டரின் மூளையான புரொசசர் உட்காரும் இடத்துக்கு சொக்கெட் என்று பெயர். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை கோர் புரொசசர்களுக்கு எல்ஜிஏ1700. ஏஎம்டியில் ரைசன் 5000 வரிசை வரைக்கும் ஏஎம்4. 2022இல் வந்த ஏஎம்5 புதியது, நல்லது. ஆனால் அதில் டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் மட்டும்தான் வேலை செய்யும்.

கை கடிக்காத தெரிவு என்று கேட்டால் நான் இரண்டைச் சொல்வேன்: இன்டெல் கோர் ஐ3-12100, அல்லது ரைசன் 5 5600ஜி. இரண்டிலும் திரைக்குப் படம் தரும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனி கிராஃபிக் கார்ட் தேவையில்லை. கடைசி எழுத்தைக் கட்டாயம் கவனியுங்கள். 12100எஃப் என்றாலோ, 'ஜி' இல்லாமல் வெறும் 5600 என்றாலோ அந்த கிராஃபிக்ஸ் கிடையாது. போட்டின் பின்னால் எச்டிஎம்ஐ துவாரம் இருந்தும் திரை கறுப்பாகவே கிடக்கும்.

2. அளவு

சின்ன போட் என்றால் இரண்டு வகை. மினி ஐடிஎக்ஸ் 170 மில்லிமீற்றர் சதுரம். மைக்ரோ ஏடிஎக்ஸ் ஆகக்கூடியது 244 மில்லிமீற்றர் சதுரம். மலிவான போட்டுகள் பல அதைவிடவும் ஒடுக்கமாக வரும். மினி ஐடிஎக்ஸ் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரேயொரு கார்ட் ஸ்லொட், கூடுதல் விலை, அதற்கென்றே தேட வேண்டிய சின்ன கேசிங். டவுன் கடையில் அது பழுதானால் பதிலுக்கு இன்னொன்று இருக்குமா என்பதும் சந்தேகம். லயத்துக் காம்பராவில் மேசைக்கு அடியில் வைப்பதற்கு மைக்ரோ ஏடிஎக்ஸ் தாராளமாகப் போதும். என் ஆலோசனை மைக்ரோ ஏடிஎக்ஸ்தான். மிச்சமாகும் காசை நல்ல பவர் சப்ளைக்குப் போடுங்கள். கேசிங்கோடு சேர்த்துத் தரும் பெயர் தெரியாத பவர் சப்ளை நல்ல போட்டையும் கொன்றுவிடும்.

3. சிப்செட்

போட்டில் என்னென்ன துவாரங்களும் ஸ்லொட்டுகளும் வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் சில்லுதான் சிப்செட். ஐ3-12100க்கு எச்610 போதும். 5600ஜிக்கு ஏ520 போதும். பி760, பி550 என்று மேலே போனால் துவாரங்களும் ஸ்லொட்டுகளும் கூடும், விலையும் கூடும். 5600ஜி, கார்ட் போன்றவற்றோடு தரவு பரிமாறும் பாதையான பிசிஐஇயின் 3.0 பதிப்பு வரைக்கும்தான் போகும் என்பதால், அதே அளவில் நிற்கும் ஏ520 போட்டில் அதற்கு நட்டமே இல்லை.

'புதியது' என்று மிக மலிவாக விற்கும் எச்61, எச்81 போட்டுகளை விட்டுவிடுங்கள். அவை 2011, 2013 காலத்து சிப்செட்கள். அவற்றில் பூட்டும் புரொசசர்களை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அலுவலகங்களில் பாவித்த டெல், எச்பி பெட்டிகளைக் கழற்றி போட்டை மட்டும் விற்பதையும் காணலாம். அவற்றில் பலவற்றின் பவர் வயர் முனை சாதாரண பவர் சப்ளைக்குப் பொருந்தாது. வாங்குவதானால் பெட்டியோடு முழுதாக வாங்குங்கள்.

4. போட்டில் எதைப் பார்ப்பது

எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) பூட்டும் எம்.2 ஸ்லொட் ஒன்றாவது வேண்டும். ஆக மலிவான போட்டுகளில் அது இல்லாமலும் வரும். ரேம் ஸ்லொட் இரண்டு இருந்தால் சரி. எல்ஜிஏ1700 போட்டுகள் டிடிஆர்4இலும் வரும், டிடிஆர்5இலும் வரும். ஒன்றுக்கான ரேம் மற்றதில் பூட்டவே முடியாது, ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு ரேம் வாங்குங்கள். உங்கள் திரை பழைய விஜிஏ வயர் என்றால் போட்டிலும் விஜிஏ இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான போட்டுகளில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் லேன் வயர், இல்லாவிட்டால் யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள்.

புரொசசருக்கு மின்சாரம் தரும் பகுதியின் மேல் பெரிய அலுமினியக் கட்டி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 60, 65 வாட் புரொசசருக்கு, அதுவும் நுவரெலியா குளிரில், அது அவசியமில்லை.

5. ஆதரவுப் பட்டியல்

ஆரம்பக்காரர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். சொக்கெட் பொருந்தினால் புரொசசர் வேலை செய்யும் என்று நம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், அஸ்ரொக் என்று எந்தக் கம்பனியின் போட்டாக இருந்தாலும், அதன் இணையப் பக்கத்தில் ஏற்கும் புரொசசர்களின் பட்டியல் இருக்கும். போட்டின் முழுப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். புரொசசர் பெயருக்கு நேரே போட்டைத் துவக்கும் உள் மென்பொருளான பயோஸின் எந்தப் பதிப்பிலிருந்து வேலை செய்யும் என்றும் போட்டிருக்கும். 2022இன் தொடக்கத்தில் வந்த எச்610 போட்டில் 14ஆம் தலைமுறை புரொசசரைப் போட்டால், பயோஸைப் புதுப்பிக்கும் வரை அது எழும்பாது. பழைய பி450 போட்டில் ரைசன் 5000 போட்டாலும் இதே கதைதான். கடையிலேயே பயோஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அதற்காகவே திரும்பக் கீழே இறங்க வேண்டாம்.

6. கடையில்

கண்டி, ஹட்டன், பதுளை என்று கிட்டத்து டவுனில் கொஞ்சம் விலை கூடினாலும் அங்கேயே வாங்கலாமா என்று யோசியுங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "பழுதானால் இங்கேயே தரலாமா, நான் கொழும்புக்குக் கொண்டுபோக வேணுமா?" இங்கேயே தரலாம் என்றால் அந்த விலை வித்தியாசம் வீண் செலவில்லை. வொரண்டி எத்தனை வருடம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். போட்டில் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கமும் பெட்டியில் உள்ளதும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். எரிந்த தடயத்துக்கும் துருவுக்கும் பொதுவாக வொரண்டி தரமாட்டார்கள். மின்னலும் ஈரமும் உள்ள நம் ஊரில் இது பெரிய விஷயம்.

எல்ஜிஏ1700 போட் என்றால் மெல்லிய ஊசிகள் சொக்கெட்டில்தான் இருக்கும். காசு கொடுக்கும் முன் பிளாஸ்டிக் மூடியைத் திறக்கச் சொல்லி, போன் வெளிச்சத்தில் வளைவு இருக்கிறதா என்று பார்த்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை வீசாதீர்கள், போட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்கள்.

7. வீட்டில்

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் கூடுதல். வானம் கறுக்கும்போதே ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. லேன் வயரையும் கட்டாயம் கழற்றுங்கள். தொலைபேசி வயரில் இறங்கும் மின்னல் ரவுட்டர் வழியாக வந்து போட்டின் லேன் பகுதியை எரித்துவிடும். பழைய லயன் வீடுகளில் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். எர்த் முனையைத் துண்டிக்கும் இரண்டு முனை அடப்டரில் கம்பியூட்டரைக் குத்தவே கூடாது.

ஈரத்துக்குச் செய்ய வேண்டியது எளிது. கேசிங்கை நிலத்தில் வைக்காமல், மழை ஊறும் வெளிச்சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். வாரக்கணக்கில் மூடி வைக்காமல் அடிக்கடி போட்டு ஓடவிடுங்கள், அந்தச் சூடே உள்ளே உலர்த்தும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் துரு லேசில் பிடிக்கும், ஆகவே கரண்டைக் கழற்றிவிட்டு மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் நேரம் பிழையாகக் காட்டினால் போட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். சிஆர்2032 என்ற நாணய அளவு பற்றரியை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

8. பூட்டும் முன் சோதனை

கேசிங்குக்குள் திருகுவதற்கு முன், போட்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, புரொசசர், விசிறி, ஒரு ரேம் மட்டும் பூட்டி, 24 முனை பவர் வயரையும் புரொசசர் பக்கத்து பவர் வயரையும் கொடுங்கள். இரண்டாவதை மறந்தால் விசிறி சுற்றும், திரை வராது. பயோஸ் திரை வந்து ரேம் அளவைச் சரியாகக் காட்டினால் கேசிங்குக்குள் பூட்டலாம். வராவிட்டால் ரேமை மற்ற ஸ்லொட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பெட்டி, மூடி, பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அடுத்த நாளே கடைக்குப் போங்கள். வாங்கிய சில நாட்களுக்குள் போனால்தான் புதிதாக மாற்றித் தரும் வாய்ப்பு அதிகம்.